சீரற்ற வலைப்பின்னல்களில் காந்த ஸ்பின்கள்: நிலைமாற்றம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புள்ளியியல் இயற்பியல் படிக்கத் தொடங்கியவர்களும், கணினித் துறையிலிருந்து இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. ஸ்பின் என்பது ஒரு நுண்காந்தம். ஸ்பின்களின் ஒழுங்கு ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் குலைவதுதான் நிலைமாற்றம்; அந்த வெப்பநிலைக்கு மாறுநிலை வெப்பநிலை என்று பெயர். எல்லா இடத்திலும் வெப்பநிலையை இணைப்பு வலிமையின் (இரண்டு ஸ்பின்களைச் சேர்க்கும் இணைப்பின் ஆற்றல் அளவு) மடங்காகவே சொல்கிறேன். வெப்பநிலையை ஆற்றலாக மாற்றும் போல்ட்ஸ்மன் மாறிலி 1. அதாவது "மாறுநிலை வெப்பநிலை 2.269" என்றால், இணைப்பு வலிமையைப் போல 2.269 மடங்கு என்று பொருள்.

ஐசிங் மாதிரி என்றால் என்ன?

ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு ஸ்பின். அது மேலே பார்க்கும் (+1), இல்லையென்றால் கீழே பார்க்கும் (−1). இணைந்திருக்கும் இரண்டு ஸ்பின்கள் ஒரே பக்கம் பார்த்தால் ஆற்றல் குறையும், எதிரெதிராகப் பார்த்தால் கூடும். வெப்பம் இந்த ஒழுங்கைக் குலைக்கப் பார்க்கும். மாதிரி அவ்வளவுதான்.

1920இல் வில்ஹெல்ம் லென்ஸ் முன்வைத்த யோசனை இது. அவருடைய மாணவர் எர்ன்ஸ்ட் ஐசிங் ஹாம்பர்க்கில் தன் ஆய்வேட்டுக்காக ஒற்றைப் பரிமாணச் சங்கிலியைத் தீர்த்தார். கட்டுரை 1925இல் வந்தது. சுழியத்துக்கு மேற்பட்ட எந்த வெப்பநிலையிலும் சங்கிலி காந்தமாகாது என்பது விடை. முப்பரிமாணத்திலும் அப்படித்தான் இருக்கும் என்று அவர் முடிவு கட்டியது தவறு. இரு பரிமாணத்திலேயே ஒழுங்கு உண்டாகும் என்று 1936இல் பையர்ல்ஸ் காட்டினார். 1944இல் ஆன்சாகர் சதுர அணிக்கோவையை (புள்ளிகளைச் சதுரக் கட்டங்களாக அடுக்கிய அமைப்பு) துல்லியமாகத் தீர்த்தார்: மாறுநிலை வெப்பநிலை 2.269. நாஜி ஜெர்மனியை விட்டு வெளியேறிய ஐசிங், பிற்பாடு அமெரிக்காவில் ஆசிரியராக இருந்தார். தன் பெயரில் இவ்வளவு பெரிய துறை வளர்ந்திருப்பது அவருக்கு 1949 வாக்கில்தான் தெரிந்தது.

இரும்பில் அணுக்கள் ஒழுங்கான படிகமாக இருக்கின்றன. அப்புறம் எதற்கு சீரற்ற வலைப்பின்னல்?

இரும்பைப் புரிந்துகொள்ள இது தேவையில்லை, உண்மைதான். இரும்பு 1043 கெல்வினில் காந்தத்தன்மையை இழப்பதை விளக்கப் படிகமே போதும். வலைப்பின்னலுக்கு வருவதற்குக் காரணங்கள் வேறு. ஒன்று, கணக்கு எளிது: பெரிய சீரற்ற வலைப்பின்னலை எந்தக் கணுவிலிருந்து (இணைப்புகள் சேரும் புள்ளி) பார்த்தாலும் அக்கம்பக்கம் வளையமில்லாமல் கிளைத்துப் போகும் ஒரு மரம் போலத்தான் தெரியும், மரத்தில் பல கேள்விகளுக்குத் துல்லியமான விடை கிடைக்கும். இன்னொன்று, பிழை திருத்தும் குறிமுறைகள், தர்க்கப் புதிர்கள், நரம்பணு வலைகள் போன்றவற்றின் கணிதம் இதே சமன்பாடுகளுக்குத்தான் வந்து சேர்கிறது. எனக்கு இரண்டாவது காரணம்தான் முக்கியமாகப் படுகிறது.

எந்த வலைப்பின்னலைச் "சீரற்ற" என்கிறீர்கள்?

மூன்று வகை அடிக்கடி வரும். எர்டோஷும் ரெய்னியும் 1959–60இல் ஆராய்ந்தது: எந்த இரு கணுக்களுக்கும் இடையே ஒரே நிகழ்தகவில் இணைப்பு. இதில் இணைப்பு எண்ணிக்கை பாய்சான் பரவலில் இருக்கும், அதாவது சராசரியை ஒட்டியே இருக்கும், மிகப் பெரிய எண்கள் அரிது. இரண்டாவது, எல்லாக் கணுவுக்கும் சரியாக ஒரே எண்ணிக்கை இணைப்பு, ஆனால் யாருக்கு யார் என்பது குலுக்கல். இதைச் "சம இணைப்பு வலைப்பின்னல்" என்று அழைக்கிறேன். மூன்றாவது, 1999இல் பராபாசியும் ஆல்பர்ட்டும் பிரபலமாக்கிய வகை. பெரும்பாலான கணுக்களுக்கு ஓரிரண்டு இணைப்பு, ஒரு சிலவற்றுக்கு ஆயிரக்கணக்கில் (இவற்றை ஹப் என்பார்கள்). இத்தனை இணைப்புள்ள கணுக்களின் பங்கு, இணைப்பு எண்ணிக்கையின் ஓர் அடுக்குக்கு எதிர் விகிதத்தில் மெதுவாகக் குறையும்; அந்த அடுக்கைக் காமா என்பார்கள்.

மூன்றிலுமே வலைப்பின்னலை ஒருமுறை குலுக்கிப் போட்டபின் அது மாறாது. ஸ்பின்கள் மட்டும்தான் திரும்பும்.

மாறுநிலை வெப்பநிலையை எப்படிக் கணக்கிடுவது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஒரு ஸ்பின்னை மேலே பார்க்கும்படி பிடித்து வைத்துக்கொள்வோம். அதோடு ஒரே இணைப்பில் சேர்ந்த பக்கத்து ஸ்பின் சராசரியாக எவ்வளவு மேலே சாயும்? இணைப்பு வலிமையை வெப்பநிலையால் வகுத்து, அதன் ஹைப்பர்போலிக் டேன்ஜென்ட்டை எடுத்தால் விடை. இதைக் கடத்தல் விகிதம் என்று வைத்துக்கொள்வோம். குளிரில் இது 1ஐ நெருங்கும், சூட்டில் சுழியத்தை நெருங்கும். மரத்தில் இரண்டு இணைப்பு தள்ளி இருப்பவருக்குப் போகும் தாக்கம் இதன் வர்க்கம், மூன்று தள்ளி என்றால் கனம். ஒவ்வொரு அடியிலும் தாக்கம் தேய்கிறது.

ஆனால் ஒவ்வொரு அடியிலும் மரம் கிளைக்கவும் செய்கிறது. ஓர் இணைப்பு வழியாக ஒரு கணுவுக்கு வந்து சேர்ந்தால், வந்த வழியைக் கழித்துவிட்டு, முன்னே போகச் சராசரியாக எத்தனை வழி இருக்கிறது? இதைக் கிளைப்பெண் என்போம். தேய்வதைவிடக் கிளைப்பது வேகமாக இருந்தால், ஒரு ஸ்பின்னின் சாய்வு மொத்த வலைப்பின்னலுக்கும் பரவும். மாறுநிலை வெப்பநிலையில் இரண்டும் சரிக்குச் சரி:

கிளைப்பெண் × கடத்தல் விகிதம் = 1

இனி, இந்தக் கிளைப்பெண்ணைச் சராசரி இணைப்பிலிருந்து ஒன்றைக் கழித்து எடுத்துவிடலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். அது தவறு. ஓர் இணைப்பைப் பிடித்துக்கொண்டு போனால், நிறைய இணைப்புள்ள கணுவில் போய் நிற்கவே வாய்ப்பு அதிகம். பத்து இணைப்புள்ள கணுவுக்குப் பத்து வாசல். ஆகவே இணைப்பு எண்ணிக்கையின் வர்க்கங்களுடைய சராசரியை, சாதாரணச் சராசரியால் வகுத்து, அதிலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும். உங்கள் நண்பர்களுக்குச் சராசரியாக உங்களைவிட நண்பர்கள் அதிகம் என்று சமூகவியலர் ஃபெல்ட் 1991இல் எழுதியதும் இதே எண்கணிதம்தான்.

சராசரி இணைப்பு 4 என்றால் எல்லா வலைப்பின்னலுக்கும் ஒரே வெப்பநிலைதானே?

இல்லை. எண்களைப் பார்த்தாலே தெரியும்.

சதுர அணிக்கோவையில் ஒவ்வொரு புள்ளிக்கும் 4 அண்டை, 2.269. சம இணைப்பு வலைப்பின்னலில் எல்லாருக்கும் 4 இணைப்பு என்றால் கிளைப்பெண் 3, விடை 2.885. எர்டோஷ்–ரெய்னி வகையில் சராசரி 4 என்றால், பாய்சான் பரவலின் தனிக்குணத்தால் கிளைப்பெண்ணும் 4 ஆகவே வரும், விடை 3.915. கடைசியாக நானே ஒன்றைச் செய்து பார்க்கிறேன்: 90 சதவீதக் கணுக்களுக்கு 3 இணைப்பு, 10 சதவீதத்துக்கு 13. சராசரி இப்போதும் 4தான். வர்க்கங்களின் சராசரி 25, கிளைப்பெண் 5.25, மாறுநிலை வெப்பநிலை 5.19.

பாடநூலின் எளிய சராசரிப் புலக் கணக்கு (ஒவ்வொரு ஸ்பின்னும் அண்டைகளின் சராசரியை மட்டும் உணர்வதாக வைத்துக்கொள்வது), இணைப்பு எண்ணிக்கையையே மாறுநிலை வெப்பநிலையாகத் தரும், அதாவது 4. அது எப்போதும் மிகையாகத்தான் சொல்லும் என்று அணிக்கோவையில் பழகியவர்கள் நம்புவார்கள். இங்கே 5.19 அதைத் தாண்டிவிடுகிறது. ஏற்றத்தாழ்வு கூடினால் ஒழுங்கு வலுக்கும்.

சதுர அணிக்கோவை ஏன் சம இணைப்பு வலைப்பின்னலைவிடப் பின்தங்குகிறது என்றும் கேட்பார்கள். அங்கே நாலு இணைப்பு போனாலே கிளம்பிய இடத்துக்கு வந்துவிடலாம். தாக்கம் புது ஸ்பின்களைத் தேடிப் போகாமல் ஏற்கெனவே தொட்டவற்றையே சுற்றிச் சுற்றித் தொடுகிறது.

இணைப்பு மிகக் குறைந்தால்?

எர்டோஷ்–ரெய்னி வகையில் சராசரி இணைப்பு 1ஐ நோக்கி இறங்க இறங்க மாறுநிலை வெப்பநிலையும் சுழியத்துக்கு இறங்கும். சராசரி 1.1 என்றால் சுமார் 0.66. 1க்குக் கீழே வலைப்பின்னலே சிறு துண்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது. எவ்வளவு குளிரவைத்தாலும் மொத்தமாக ஒழுங்கு வராது. ஒன்று கவனிக்க வேண்டும்: 1க்கு மேலேயும் எல்லாக் கணுவும் பெரிய துண்டில் இருக்காது. சராசரி 2 என்றால் சுமார் 80 சதவீதம்தான் அதில் இருக்கும். ஆகவே சுழிய வெப்பநிலையிலும் காந்தமாக்கம் (எல்லா ஸ்பின்களின் சராசரி) 1 ஆகாது, 0.80தான். சிமுலேஷனில் இதைப் பார்த்து நிரலில் பிழை என்று நினைத்துவிட வேண்டாம்.

சங்கிலியில் சில குறுக்குவழிகளைச் சேர்த்தால் என்ன ஆகும்?

1998இல் வாட்ஸும் ஸ்ட்ரோகாட்ஸும் எழுதிய "சிறு உலக" வலைப்பின்னலின் கரு இதுதான். சங்கிலியில் ஒழுங்கு இல்லை என்பதை ஐசிங் காட்டிவிட்டார். ஆனால் நீளமான சங்கிலியில் நூற்றில் ஒரு கணுவுக்குத் தொலைதூரக் குறுக்குவழி ஒன்று கொடுத்துவிட்டால் போதும், நிலைமாற்றம் வந்துவிடும். ஆயிரத்தில் ஒன்று என்றாலும் வரும், வெப்பநிலைதான் குறையும்.

காரணம் லேசானது. சங்கிலியில் ஒரே பக்கம் பார்க்கும் ஸ்பின் வரிசையின் நீளம், குளிரக் குளிர அடுக்குக்குறி வேகத்தில் வளரும். அந்த நீளம் இரண்டு குறுக்குவழிகளுக்கு இடையிலான தூரத்தை எட்டியதும், வரிசைகள் குறுக்குவழிகள் வழியே ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். தோராயக் கணக்கு: 2ஐ, குறுக்குவழி விகிதத்தின் இயல் மடக்கை அளவால் வகுக்க வேண்டும். நூற்றில் ஒன்றுக்குச் சுமார் 0.43, பத்தாயிரத்தில் ஒன்றுக்குச் சுமார் 0.22. குறுக்குவழிகளை நூறில் ஒரு பங்காகக் குறைத்தும் வெப்பநிலை பாதிதான் ஆகிறது. பாராட்டும் வைகிட்டும் 2000இல் இந்த மடக்கைச் சார்பைக் காட்டினார்கள்.

ஹப் உள்ள வலைப்பின்னலில் நிலைமாற்றமே இல்லை என்கிறார்களே?

பாதி உண்மை. காமா 3 அல்லது அதற்குக் குறைவு என்றால், வலைப்பின்னல் பெரிதாகப் பெரிதாக இணைப்பு வர்க்கங்களின் சராசரி எல்லையின்றி வளரும். கிளைப்பெண்ணும் கூடவே வளரும். முடிவிலா வலைப்பின்னலில் எவ்வளவு சூடாக்கினாலும் ஒழுங்கு முழுதாக அழியாது. "நிலைமாற்றம் இல்லை" என்பதற்கு இதுதான் பொருள்: எப்போதும் ஒழுங்கற்றது என்பதல்ல, எப்போதும் ஒழுங்குள்ளது.

கையில் இருப்பது எப்போதும் முடிவுள்ள வலைப்பின்னல். பராபாசி–ஆல்பர்ட் வகையில் காமா 3. மாறுநிலை வெப்பநிலை கணு எண்ணிக்கையின் மடக்கையாக வளர்வதை அலெக்ஸியூக், ஹோவிஸ்ட், ஸ்டாஃபர் மூவரும் 2002இல் சிமுலேஷனில் கண்டார்கள். அதே ஆண்டு டோரோகோவ்ட்செவ், கோல்ட்செவ், மென்டிஸ் ஒரு பக்கமும், லியோனே, வாஸ்கெஸ், வெஸ்பிஞானி, செக்கினா மறுபக்கமும் தனித்தனியாகக் கோட்பாட்டை முடித்தார்கள். புதுக் கணு ஒவ்வொன்றும் 2 இணைப்போடு சேர்ந்தால், முதன்மை உறுப்பு மட்டும் வைத்துப் பார்க்கையில் பத்தாயிரம் கணுவுக்குச் சுமார் 9, பத்து லட்சம் கணுவுக்குச் சுமார் 14 வரும். ஆக, "இந்த வலைப்பின்னலின் மாறுநிலை வெப்பநிலை இவ்வளவு" என்று அளவைச் சொல்லாமல் எழுதினால் அதற்கு அர்த்தம் இல்லை. இணைய வைரஸ்கள் பரவலுக்குத் தொடக்க வரம்பே இருக்காது என்று 2001இல் பாஸ்டர்-சடோராஸும் வெஸ்பிஞானியும் சொன்னதற்கு அடியிலும் இதே வர்க்கச் சராசரிதான்.

மாறுநிலைக்குப் பக்கத்தில் காந்தமாக்கம் எப்படி மறைகிறது?

மாறுநிலையிலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறோமோ, அந்தத் தூரத்தின் ஓர் அடுக்காக. சதுர அணிக்கோவையில் அந்த அடுக்கு 1/8. எர்டோஷ்–ரெய்னி, சம இணைப்பு இரண்டிலும் 1/2, அதாவது சராசரிப் புல விடை. சிறு உலகத்திலும் 1/2தான். பத்து லட்சம் புள்ளிகளை ஆயிரத்துக்கு ஆயிரம் சதுரமாக அடுக்கி ஓரங்களை ஒட்டினால், இரு புள்ளிகளுக்கு இடையே சராசரி தூரம் 500 இணைப்பு. அதே பத்து லட்சம், கிளைப்பெண் 4 உள்ள சீரற்ற வலைப்பின்னலில் 10 இணைப்பு. இப்படிப்பட்ட இடம் முடிவிலாப் பரிமாணம் போல நடந்துகொள்வதில் வியப்பில்லை.

ஹப் உள்ள வகையில்தான் கதை மாறுகிறது. காமா 5க்கு மேல் என்றால் வழக்கமான 1/2. 3க்கும் 5க்கும் இடையே அடுக்கு, காமாவிலிருந்து 3ஐக் கழித்ததன் தலைகீழ். காமா 4 என்றால் அடுக்கு 1, நேர்கோடாக மறையும். காமா 3.5 என்றால் 2. காந்தமாக்கம் அவ்வளவு மெதுவாக எழுவதால் மாறுநிலைப் புள்ளியைக் கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது. இந்த 5 எங்கிருந்து வந்தது? அங்கேதான் இணைப்பு எண்ணிக்கையின் நான்காம் அடுக்குச் சராசரி வெடிக்கிறது. ஆற்றலைக் காந்தமாக்கத்தின் அடுக்குகளாக எழுதும் லண்டாவ் விரிவின் நான்காம் படி உறுப்பு அதை நம்பித்தான் இருக்கிறது.

தொடர்பு நீளம் மாறுநிலையில் முடிவிலி ஆகுமா?

ஆகாது. தொடர்பு நீளம் என்பது ஒரு ஸ்பின்னின் தாக்கம் தேய்ந்துபோக ஆகும் தூரம். அணிக்கோவையில் படித்துவிட்டு வருபவர்களைத் தடுமாற வைக்கும் இடம் இது. மாறுநிலையில் கடத்தல் விகிதம், கிளைப்பெண்ணின் தலைகீழ். கிளைப்பெண் 3 என்றால், ஒவ்வொரு அடிக்கும் தொடர்பு மூன்றில் ஒன்றாகச் சுருங்குகிறது. ஒரு அடியை விடவும் சற்றுக் குறைந்த நீளத்திலேயே தேய்ந்துவிடுகிறது. ஆனால் ஒவ்வொரு அடிக்கும் ஸ்பின்கள் மூன்று மடங்கு ஆகின்றன. ஒவ்வொரு தொலைவிலும் கிடைக்கும் மொத்தப் பங்கு மாறாமல் இருப்பதால், கூட்டினால் காந்த ஏற்புத்திறன் (சிறு வெளிப்புலத்துக்கு மொத்த ஸ்பின்களும் எவ்வளவு சாயும் என்பது) எல்லையின்றி வளர்கிறது. எந்த இரண்டு ஸ்பின்களை எடுத்தாலும் நெருக்கம் அற்பம், கூட்டமாகப் பார்த்தால் பெரிய மாற்றம்.

நேராக ஒரு மரத்தையே எடுத்துக்கொண்டால் என்ன?

முடிவுள்ள மரத்தில் பாதிக்கு மேற்பட்ட கணுக்கள் ஓரத்து இலைகள். மொத்தக் காந்தமாக்கத்தை அவைதான் தீர்மானிக்கும், விடை வேறாகிவிடும். 1935இல் பெத்தே தொடங்கிய கணக்கு மரத்தின் உள்பகுதிக்கு உரியது. சீரற்ற வலைப்பின்னலில் ஓரமே இல்லை, வளையங்களும் நெடுந்தூரம் போனால்தான் மூடும். அதனால் உள்பகுதி விடை அப்படியே செல்லும். இதைக் கணித நிரூபணமாக டெம்போவும் மொன்டனாரியும் 2010இல் தந்தார்கள்.

ஸ்பின்னுக்கு இரண்டுக்கு மேல் நிலைகள் இருந்தால்?

அது பாட்ஸ் மாதிரி. சதுர அணிக்கோவையில் 4 நிலைகள் வரை மாற்றம் தொடர்ச்சியானது, 5லிருந்து திடீர்த் தாவல். எர்டோஷ்–ரெய்னி போன்ற சீரற்ற வலைப்பின்னலில் 3 நிலைகளுக்கே தாவல் வந்துவிடும். கனமான ஹப்கள் இருந்தால் அந்தத் தாவல் மறுபடி மழுங்கித் தொடர்ச்சியாகலாம்.

பக்கத்து ஸ்பின்கள் எதிரெதிராக இருக்க விரும்பினால்?

சதுர அணிக்கோவையில் பெரிய வித்தியாசம் இல்லை. சதுரங்கப் பலகை போலக் கருப்பு–வெள்ளை பிரித்துவிடலாம், மாறுநிலையும் அதே 2.269. சீரற்ற வலைப்பின்னலில் ஒற்றைப்படை நீள வளையங்கள் இருக்கின்றன; எல்லா இணைப்பையும் ஒரே நேரத்தில் திருப்திப்படுத்த முடியாது. வருவது காந்த ஒழுங்கு அல்ல, ஸ்பின் கண்ணாடி: ஒவ்வொரு ஸ்பின்னும் ஏதோ ஒரு பக்கம் உறைந்து நிற்கும், மொத்தத்தில் எந்த வரிசையும் தெரியாது. இங்கே கடத்தல் விகிதத்தின் வர்க்கம்தான் கணக்கில் வரும்: கிளைப்பெண் × அந்த வர்க்கம் = 1. எல்லாருக்கும் 4 இணைப்பு என்றால் 1.52, நட்பான ஸ்பின்களுக்கு இருந்த 2.885இல் ஏறக்குறைய பாதி.

இந்தக் கண்ணாடியின் மிகக் குறைந்த ஆற்றலைக் கண்டுபிடிப்பதும், ஒரு வலைப்பின்னலை இரு அணியாகப் பிரித்து இடையே அதிகபட்ச இணைப்புகள் வரச் செய்வதும் ஒரே புதிர். கணினியியலில் அது கடினமான புதிர்களின் பட்டியலில் இருக்கிறது. மெசார், பரிசி, செக்கினா 2002இல் இந்தச் சிந்தனையை மூன்று மாறித் தர்க்கப் புதிர்களுக்குக் கொண்டுபோனார்கள். மாறி ஒன்றுக்குச் சுமார் 4.267 நிபந்தனைகளைத் தாண்டினால் தீர்வே இருக்காது என்ற எல்லை அந்த வழியில் கிடைத்தது. பரிசிக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்ததில் ஸ்பின் கண்ணாடிக்குப் பெரும் பங்கு.

இதை வைத்துத் தேர்தல் முடிவு சொல்லலாமா?

வேண்டாம். மனிதர்கள் இரண்டு பக்கம் மட்டும் பார்ப்பதில்லை, அவர்களின் வலைப்பின்னல் குலுக்கிப் போட்டதும் அல்ல, "வெப்பநிலை" என்று அளக்க அங்கே எதுவும் இல்லை. கருத்து பரவுவது பற்றி யோசிக்க ஒரு தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் எனக்கு நம்பிக்கை இல்லை.

கணினியில் செய்து பார்க்க விரும்புகிறேன். எங்கே சறுக்கும்?

முதலில், குளிர்விக்கும் இடத்தில். சீரற்ற தொடக்கத்திலிருந்து நேராகச் சுழிய வெப்பநிலைக்குக் கொண்டுபோய், ஆற்றல் குறையும் திருப்பங்களை மட்டும் ஏற்றால், அமைப்பு முழு ஒழுங்குக்குப் போகாமல் நடுவில் சிக்கிக்கொள்ளும். தன் அண்டைகளில் பெரும்பான்மை தன் பக்கமே இருக்கும் சிறு குழுக்கள் அசையாது. சதுர அணிக்கோவையிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு முறை பட்டைகளாக நின்றுவிடும். மெல்லக் குளிர்வியுங்கள். அல்லது ஸ்பின்களை ஒவ்வொன்றாகத் திருப்பும் 1953ஆம் ஆண்டு மெட்ரோபோலிஸ் முறைக்குப் பதில், ஸ்பின்களைக் கொத்தாகத் திருப்பும் வுல்ஃபின் 1989 முறையைப் பயன்படுத்துங்கள்.

அடுத்து, ஒரே ஒரு வலைப்பின்னலை வைத்து முடிவு சொல்லாதீர்கள். ஒவ்வொரு அளவுக்கும் பல வலைப்பின்னல்களைக் குலுக்கிச் சராசரி எடுக்க வேண்டும். ஹப் உள்ள வகையில், மிகப் பெரிய ஹப் எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்து வலைப்பின்னலுக்கு வலைப்பின்னல் விடை நன்றாகவே ஆடும்.

மாறுநிலையைப் பிடிக்கக் காந்தமாக்க வளைவு போதாது. பைண்டரின் 1981 விகிதத்தைப் போடுங்கள். காந்தமாக்கத்தின் நான்காம் அடுக்குச் சராசரியை, வர்க்கச் சராசரியின் வர்க்கத்தைப் போல் மூன்று மடங்கால் வகுத்து, 1இலிருந்து கழிக்க வேண்டும். வெவ்வேறு அளவுகளுக்கு வரையும் கோடுகள் மாறுநிலை வெப்பநிலையில் வெட்டும். சராசரிப் புல வகையில் அளவு பெரிதாக ஆக வெட்டும் உயரம் 0.27ஐ நெருங்கும், ஓரம் ஒட்டிய சதுர அணிக்கோவையில் அது 0.61. எர்டோஷ்–ரெய்னி, சராசரி 4, மாறுநிலை 3.915: இதை முதலில் உங்கள் நிரலில் வரவழைத்துவிட்டு மற்ற வலைப்பின்னல்களுக்குப் போங்கள்.